முப்பத்தைந்தாம் நாள் கோழி

சம்பந்தி வீட்டில் சென்னியப்பனுக்கும் மனைவிக்கும் விருந்து; கடையில் கோழிக்கறி வாங்கி வந்திருந்தார்கள். பொட்டலத்தின் மேலிருக்கும் குறியைப் போனுக்குக் காட்டினால் அந்தக் கோழி வளர்ந்த நாட்கள் படமாக ஓடும். இப்போது எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

"மாமா, இது உங்க பண்ணைக் கோழிங்க!" என்று மருமகன் கூவினான்.

சென்னியப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடே போனைச் சுற்றிக் கூடியது.

படம் ஓடி முப்பத்தைந்தாம் நாளுக்கு வந்தது. லாரியில் ஏற்ற இன்னும் இரண்டே நாள். உடம்பு ஊதி, அதன் பாரத்தைக் கால் தாங்காமல் கோழி படுத்திருந்தது. எழுந்து தீவனம் தின்றால்தானே எடை ஏறும்? படத்தில் சென்னியப்பனின் கால் அதை நெட்டித் தள்ளியது. அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எந்திரி சனியனே! எந்நேரமும் படுத்தே கெடக்கற!"

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தாள் அவர் மனைவி பாவாத்தாள். அவளுக்குக் குரல் மட்டும்தான் கேட்டது.

"இதா எந்திரிச்சுட்டனுங்க" என்று சுவரைப் பிடித்துப் பிடித்து வாசற்படி வரை வந்துவிட்டாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சென்னியப்பனால் மட்டும் முடியவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோழி இன்னும் எழுந்திருக்கவில்லை.