நாற்காலி வழக்கு

இரண்டுக்கு இரண்டு.

நான்கு நீதிபதிகள் தீர்ப்பை வாசித்து முடித்துவிட்டார்கள். இருவர் சட்டம் செல்லும் என்றார்கள், இருவர் செல்லாது என்றார்கள். பாக்கி இருந்தது நடு நாற்காலி. நாடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

பார்வையாளர் வரிசையில் அவளோடு மூன்று தோழிகள். பல் டாக்டரம்மா, ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரம்மா, மாடிவீட்டுக்காரி. அரசியல் சாசனத்தின் மேல் பெண்களுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று ஒரு நிருபர் பக்கத்து நிருபரிடம் வியந்தார்.

அக்கறை சாசனத்தின் மேல் இல்லை. சீட்டுக்கட்டின் மேல்.

நீதிபதி கோர்ட்டுக்குக் கிளம்பிய கையோடு, அவருடைய படிப்பறையில் சட்டப் புத்தகங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நால்வரும் சீட்டாட உட்காருவார்கள். அவ்வளவு பெரிய மேஜை தெருவில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான்.

வழக்கு இதுதான். நீதிபதிகளின் ஓய்வு வயதை ஐந்து வருடம் குறைத்து நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. அதை நீதிமன்றம் ரத்து செய்யலாமா? தன் நாற்காலியைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு நீதிபதிக்கு அதிகாரம் உண்டா? சட்டம் செல்லும் என்றால், புது வயது வரம்பைத் தொட்டுவிட்ட நடு நாற்காலிக்காரர் இன்றே வீட்டுக்குப் போகவேண்டும்.

வீட்டுக்கு!

ஞாயிற்றுக்கிழமை ஒருநாளே தாங்காது. குழாய் சொட்டினால் அவளையும் வேலைக்காரியையும் நிற்கவைத்து விசாரிப்பார். பிளம்பரைக் கூப்பிடுவதை ஒத்திவைப்பார். குழம்பில் உப்பு கூடினால் விளக்கம் கேட்பார். அந்த மனிதர் முழுநேரமும் அந்த மேஜையில் உட்கார்ந்தால் அவள் கதி என்ன?

நல்லவேளை, தீர்ப்பு அவளுக்கு முன்பே தெரியும். பெரிய தீர்ப்பு என்றால் குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு பீரோக் கண்ணாடி முன் நின்று வாசித்துப் பார்ப்பது அவர் வழக்கம். இந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் "செல்லாது, செல்லாது" என்றே முழங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் வழக்கைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம். அவளும் காது கேட்காதவள் மாதிரியே இருந்துகொள்வாள். தோழிகளைப் பார்த்து மட்டும் லேசாகக் கண்ணைச் சிமிட்டியிருந்தாள்.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. வக்கீல்கள் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் மனிதர் இன்று மன்றத்துக்குத் தாமதமாக வந்தார். அவருடைய ஸ்டெனோ வேறு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு, தட்டச்சு அடித்து ஓய்ந்த விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

கடிகாரம் வாசித்தார். சுற்றி வளைத்து, தண்ணீர் குடித்து, கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"சட்டம் செல்லும்."

நிருபர்கள் கதவை நோக்கி ஓடினார்கள். பல் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை அளப்பதாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன். நான் அளந்தது என் நாற்காலியைத்தான் என்று இன்று காலை ஒருவர் எனக்கு உணர்த்தினார். அவருக்கு நன்றி."

சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வரிகளை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த 'ஒருவர்' எந்தச் சட்டமேதை என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர்கள்கூட இருக்கிறார்கள்.

மாடிவீட்டுக்காரி பல்லைக் கடித்தாள். "அக்கா, யாரு அந்தப் பாவி? காலங்காத்தால இவருகிட்ட வாயைக் கொடுத்தது?"

நீதிபதியின் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கண் கலங்கியது. பெருமையா, வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

காலையில் காபியை ஆற்றிக் கொடுக்கும்போது, சந்தோஷம் தாங்காமல், இத்தனை வருடம் கட்டிக்காத்த வீட்டுச் சட்டத்தை மறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தாள்.

"அப்பாடா, இன்னும் அஞ்சு வருஷத்துக்கு உங்க நாற்காலிய யாரும் அசைக்க முடியாது."

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

சூடு போதவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.