ரங்கிடோட்டோக் கல்

"உமக்கு விசரே, கௌரி? கல்லு எடுத்தா காய்ச்சல் வருமே?"

மகேசன் மலை ஏறும்போதும் மனைவியைத் திட்டினார், மூச்சு வாங்க நின்றபோதும் திட்டினார். எஞ்சினியர் மனுசன், கடவுளிடமே ஆதாரம் கேட்கிற ஆள். கௌரி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினாள்.

ரங்கிடோட்டோத் தீவு முழுக்க எரிமலை கக்கிய கறுப்புக் கல்தான். குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரண்டு கிழமைக்கு முன்னர் இதே பாதையில் மகன் கீதனோடு சிரித்துக்கொண்டு ஏறினார்கள். அந்தக் காலத்தில் கைதிகளை வைத்து இங்கே ரோடு போட்ட கதையைப் பலகையில் பார்த்துப் பிள்ளைக்கு வாசித்ததே மகேசன்தான்.

அன்றைக்கு உச்சியில் ஒரு கல்லைக் கண்டாள் கௌரி. அச்சொட்டாக வைரவர்! அதை லின்ஃபீல்டில் இருக்கும் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமியறையில் வைத்துத் திருநீறும் பூசினாள்.

மூன்றாம் நாள் கீதனுக்குக் காய்ச்சல். மூளையில் கிருமியாம், பதினொரு நாளாகக் கண் திறக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, பெற்ற வயிறு பற்றி எரியாதா? அது இந்த நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களின் புனித மலை, அங்கேயிருந்து ஒரு கல்லும் எடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நர்ஸ் சொன்னதும், சாமியறைக் கல்லை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

"நான் தனியப் போறன் எண்டனான்தானே? நீங்கள் பிள்ளையோட நிண்டிருக்கலாம்."

"உம்மட தங்கச்சி நிக்கிறாதானே. கதைக்காம நடவும்."

உச்சியில், எடுத்த இடத்திலேயே கல்லை வைத்தாள். "என்ர பிள்ளையை விட்டிடு, ஐயா!" என்று விழுந்து கும்பிட்டாள். சுற்றிப் பார்க்க வந்த சனம் ஒதுங்கிப் போனது.

ஃபோன் அடித்தது. தங்கை நிலானி.

"அக்கா, டொக்டர்மார் இப்பவும் வந்து பாத்தவை. மாற்றம் ஒண்டும் இல்லையாம்."

"கல்லைத் திருப்பிக் குடுத்திட்டனே! இன்னும் என்ன வேணுமாம்?" கௌரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இப்போதும் திட்டத்தான் போகிறார் என்று நினைத்தாள்.

மகேசன் அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். ஜாக்கெட் பைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தார். உள்ளங்கையில் சின்னதாய் ஒரு கறுப்புக் கல்.

"அண்டைக்கு நானும் ஒண்டு எடுத்தனான், கௌரி."