முதலில் இறங்குபவருக்கு ஜீப்

“போன வருஷம் மாதிரி காலை உடைச்சுக்கிட்டு வந்தீங்கன்னா, ஆஸ்பத்திரிக்கு நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் மஹ்வஷ், கணவன் ஹூமனின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி.

“வேகமாப் போறவன்தான் விழுவான்” என்றான் ஹூமன். தெஹ்ரானில் பல் டாக்டர். “சில பேர் மாதிரி தவழ்ந்து தவழ்ந்து வந்தா எதுக்கு விழணும்?”

அந்தச் ‘சில பேர்’ பக்கத்திலேயே நின்றிருந்தான். சகலை ஃபர்சாத், மிட்டாய்க் கடைக்காரன். “நான் சறுக்குப் பலகையில இருந்து விழுந்ததே இல்லை சகலை. சத்தியமா!”

இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு, பனிமலை அடிவாரத்தில் மடக்கு நாற்காலியில் மாமனார் மன்சூர் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது, இனிமேல் வண்டி ஓட்டப்போவதில்லை என்று மூன்று மாதத்துக்கு முன் அவர் சொன்ன நாளிலிருந்து, அவருடைய பழைய ஜீப்புக்காக மருமகன்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். போன வியாழக்கிழமை விருந்தில் அது முற்றி, மஹ்வஷும் தங்கை கோல்னாரும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

“ரெண்டு பேருமே பனிச்சறுக்குல புலின்னு சொல்றீங்க” என்று அன்றைக்கு மன்சூர்தான் வழி சொன்னார். “சீசன் ஆரம்பிச்சாச்சு. மலை உச்சியில இருந்து யாரு முதல்ல கீழே வர்றீங்களோ, ஜீப் அவருக்கு.”

ரோப் கார் சீட்டுக்கு இருவரும் முண்டியடித்து நின்றார்கள். சீட்டுக் கொடுப்பவர் போக வரச் சேர்த்தே கிழித்துக் கொடுத்தார்.

“திரும்பி வர்றதுக்கு எதுக்குய்யா? நாங்க சறுக்கிக்கிட்டே வந்துருவோம்” என்றான் ஹூமன்.

“இல்லீங்க, இன்னிக்கு வந்து...”

“குளிரும், அதானே? எங்களுக்கே சொல்லித் தர்றியா?” என்று ஃபர்சாத் அவர் வாயை அடைத்துவிட்டு நடந்தான்.

மேலே ஏற ஏற மூடுபனி. உச்சியில் இறங்கியபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளை. காற்று கதவை உலுக்கியது.

“நீங்க முதல்ல போங்க சகலை” என்றான் ஃபர்சாத் பணிவாக.

“ஐயய்யோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க போங்க.”

“உங்க பூட்ஸ் தூசிக்குச் சமானம் நான். நீங்கதான் போகணும்.”

பத்து நிமிடம் மரியாதை நடந்தது. கடைசியில் ஹூமனுக்குப் பூட்ஸ் பட்டை தளர்ந்துவிட்டது. ஃபர்சாத்துக்கு அவசரமாகக் கழிவறை போகவேண்டி வந்தது. “நீங்க கிளம்பிருங்க, நான் பின்னாலேயே வந்து பிடிச்சிர்றேன்” என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

ஹூமன் தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பதுங்கியிருந்தான். பிறகு பலகைகளைத் தூக்கிக்கொண்டு, கீழே போகும் ரோப் கார் பெட்டிக்குள் பாய்ந்தான். ஆள் ஏற்றுபவர் எதுவும் கேட்காமல் கதவைச் சாத்தினார்.

எதிர் இருக்கையில், பலகைகளைக் கட்டிப்பிடித்தபடி ஃபர்சாத் இருந்தான்.

பெட்டி பாதி மலை இறங்கும்வரை இருவரும் மூடுபனியையே ரசித்தார்கள்.

“போன வருஷம் கால் உடைஞ்சதே?” என்றான் ஃபர்சாத் மெதுவாக.

“ஹோட்டல் படிக்கட்டுல வழுக்கினது. வீட்டுல சொல்லிராதீங்க. நீங்க விழுந்ததே இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே?”

“ஏறினாத்தானே விழறதுக்கு!”

ஹூமனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஃபர்சாத்தும் சேர்ந்துகொண்டான். மூன்று மாதத்தில் முதல்முறையாக இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. பந்தயம் சமம். ஜீப் ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் இவனுக்கு.

இறங்கியதும் ரோப் கார் கட்டடத்துக்குப் பின்னால் போய், ஒருவர் முதுகில் ஒருவர் பனியை அள்ளிப் பூசிக்கொண்டார்கள். பலகைகளை மாட்டிக்கொண்டு, கைகோத்தபடி சின்ன மேட்டிலிருந்து வழுக்கி, அலறிக்கொண்டே வந்து மன்சூரின் காலடியில் குவிந்து விழுந்தார்கள்.

“சமம் மாமா!” என்று மூச்சு வாங்கினான் ஹூமன். “ஒரே நொடியில வந்து சேர்ந்தோம்!”

“அடடா! மேல பனி எப்படி?” என்றார் மன்சூர்.

“இடுப்பளவு மாமா! மூணாவது வளைவுல சகலை பாறை மேல பறந்தாரு பாருங்க, எனக்கு உயிரே போயிருச்சு!”

“நான் என்னத்தப் பறந்தேன்! மாமா, இவர் ஒத்தைக் கால்ல வந்தாரு!” என்றான் ஃபர்சாத்.

“ஒத்தைக் கால்லயா?”

“பாதி தூரம், மாமா!”

மன்சூர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பின்னால் மஹ்வஷும் கோல்னாரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தங்கை குலுங்கினாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து, “ஒண்ணும் ஆகலைம்மா, வந்துட்டேன்ல” என்றான் ஃபர்சாத்.

மன்சூர் சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்தார். நீட்டிய இரண்டு கைகளையும் தாண்டி, அதை மகள்களின் மடியில் போட்டார்.

“ஏன் மாமா? நாங்கதானே உயிரைப் பணயம் வெச்சு...”

மன்சூர் கற்கண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, தேநீரை உறிஞ்சினார்.

“மேல் சரிவை இன்னும் திறக்கலைன்னு நேத்தே போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் வந்தேன், மாப்பிள்ளைங்களா.”