அந்தப் பத்து நாள்

“இருபத்திரண்டு வருஷம் நாடகம் போட்டாச்சி. இந்த வயசுல எதுக்கும்மா படிப்பு? சின்னப் பிள்ளைங்க படிக்கட்டும்லா!”

சன்னாசி மேசையைத் தட்டினார். ரோகினி சிரித்துவிட்டாள்.

“அண்ணே, பேராசிரியரு ‘லா’ போடமாட்டாரு.”

“மலேசியப் பேராசிரியருதானே? போடுவாரு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

போர்டிக்சன் சாலையோரத் தோட்டத்தின் பழைய மண்டபம் அது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. எண்ணெய் தரும் செம்பனை மர வரிசைகளுக்கிடையே வெண்மையாய் எழுந்த ஆவி, சன்னல் வழியே உள்ளே வந்து நாற்காலிகளின் கால்களை மறைத்தது.

மக்களோடு மக்களாக நின்று இயங்கிய, அனுபவம் மிக்க கலைஞர்களுக்கென்றே நீலாயில் ஒரு பல்கலைக்கழகம் முதுகலைப் படிப்பைத் தொடங்கியிருந்தது. விண்ணப்பித்த ரோகினிக்கு, நேர்காணல் இம்மாதத்திற்குள் நடைபெறும் என்று மட்டும் மடல் வந்திருந்தது. அதிகாரிகளைச் சந்திக்குமுன், தோட்டத்து மக்களையே அதிகாரிகளாக உட்காரவைத்துப் பேசிப் பழகுவது அவள் நாடகக் குழுவின் வழக்கம். “வாங்க, ஒத்திகை பார்த்துருவோம்” என்று சன்னாசியே கூப்பிட்டனுப்பினார். செம்பனைக் குலை வெட்டும் அவர் இன்று பேராசிரியர். தோட்டத்தில் குடியிருந்து நீலாய்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் லோகேஸ்வரி துணைப் பேராசிரியர்.

ரோகினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஐயா, ஆரம்பத்துல நான் மேடையில நின்னேன், சனங்க கீழ நின்னு கை தட்டுனாங்க. அது போதாதுன்னு தோணிச்சி. யாரு வேணும்னாலும் நாடகத்தை நிறுத்தலாம், மேடையேறித் தன் குறையைத் தன் வாயாலேயே கேட்கலாம்னு மாத்துனேன். சில தோட்டத்துல அது கதவைத் திறந்துச்சி. சில எடத்துல பேசுனவங்களையே சுட்டுருச்சி. ஏன்னு எனக்குத் தெரியல. அதைக் கத்துக்கத்தான் வந்திருக்கேன்.”

சொல்லச் சொல்ல அவளுக்கு உடல் இலேசாயிற்று. வெளியே ஆவி மூடிய செம்பனை வரிசை, முடிவில்லாத ஒரு கல்லூரித் தாழ்வாரமாக நீண்டது. அதன் இருமருங்கிலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் புத்தகம் விரித்து அமர்ந்திருக்க, நடுவே அவள் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள்.

“யாரைச் சுட்டுச்சி?”

லோகேஸ்வரியின் குரலில் நடிப்பு இல்லை. தாழ்வாரம் பாதியில் நின்றது.

“தண்ணிக்குழாய் நாடகத்தைச் சொல்றேன். குழாய்ல ரெண்டு வருஷமா சேத்துத் தண்ணிதான் வந்துச்சி. நீங்க...” என்று சன்னாசியைப் பார்த்துத் தடுமாறினாள். “ஒரு தொழிலாளி மேடையேறி நிர்வாகத்தைக் கேள்வி கேட்டாரு. மறுநாளே வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்துச்சி.”

“அதுக்கப்புறம் பத்து நாள் ஒங்களைக் காணோமேக்கா. போனும் எடுக்கல.”

“கோலாலம்பூர்ல இருந்தேன். மனு கொடுக்க அலைஞ்சேன்.”

தயக்கமின்றி வந்தது அந்த வரி. இரண்டாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய வரி.

“எந்த ஆபீசு?” என்றார் சன்னாசி.

அஞ்சாதே என்று ஆயிரம் பேர் முன்னே முழங்கியவள் ரோகினி. தலை வணங்காதே என்று துண்டறிக்கை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தவள் அவள். குலை வெட்டி உரமேறிய இரு கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன. அவற்றைப் பார்க்கும் துணிவு அவளுக்கு இல்லை.

“ஒரு ஆபீசுக்கும் போகலண்ணே. இங்க பக்கத்துல, அம்பாங்கான்ல அக்கா வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு இருந்தேன். போலீஸ் தேடி வரும்னு பயந்துட்டேன். ஒங்களை மேடையேத்திட்டு, நான் எறங்கி ஓடிட்டேன்.”

கூரை ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தெரியும்,” என்றார் சன்னாசி. “என் மச்சான் ஒங்களை அம்பாங்கான் பாசார்ல பார்த்தான். கெம்போங் மீனுக்குப் பேரம் பேசிக்கிட்டு இருந்தீங்களாம்.”

“தெரிஞ்சுமா கேக்கல?”

“எங்க வீட்டை லயத்துச் சனமே ஆபீசு முன்னால உட்கார்ந்து காப்பாத்திருச்சி. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தோம். ரெண்டு வருஷம் ஆச்சி.”

அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

“நேர்காணல்ல இதைச் சொல்லுவீங்களாக்கா? இல்ல, கோலாலம்பூர் கதைதானா?” என்றாள் லோகேஸ்வரி.

ரோகினி வெளியே பார்த்தாள். தாழ்வாரம் மெல்லக் கரைந்து, மரங்கள் மரங்களாகவே நின்றன. இருபத்திரண்டு ஆண்டுகளில் தனக்கென்று அவள் கேட்டது இந்த ஓர் இடம்தான்.

“சொல்லுவேன். எடம் போனாலும் போகட்டும். யாரைக் காட்டி எடம் கேக்கறேனோ, அவங்களைப் பத்திப் பொய் சொல்லி உள்ள நுழைய மாட்டேன்.”

“நீங்க இனி எங்கயும் போய்ச் சொல்ல வேணாம்லா, நேர்காணலே இதுதான்,” என்ற சன்னாசி, சட்டைப்பையிலிருந்து பல்கலைக்கழக முத்திரையிட்ட தாளொன்றை எடுத்து விரித்தார். “இந்தப் படிப்புக்கு ஆள் எடுக்கறது பேராசிரியருங்க இல்லையாம்; கலைஞரு எந்தச் சனங்களோட வேலை செஞ்சாரோ அவங்கதானாம். ஒங்ககிட்ட முன்கூட்டிச் சொல்லிரக்கூடாதுன்னு வேற எழுதியிருக்காங்க.”

‘இவரை நம்பி இன்னொரு முறை மேடையேறுவீர்களா?’ என்ற ஒரே கேள்விதான் அந்தத் தாளில் இருந்தது. அதற்கு நேராக லோகேஸ்வரி ‘ஏறுவோம்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.