இரண்டாவது பொத்தான்

ஆராய்ச்சி நிலையத்தின் உயரமான ஜன்னல் வழியாகக் கடல் வெளிச்சம் சுவரில் விழுகிறது. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறார் முருகையன். பதினாறு வருடம் காட்டு மரங்களின் சுற்றளவை அளந்து நோட்டில் குறித்தவர். ஓய்வு பெற்று அரியாங்குப்பத்தில் இருக்கிறார். அந்த நோட்டுகளைக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இன்று பொதுவில் வைக்கப்போகிறாள் நிலையத்தில் வேலை பார்க்கும் ஜோவிதா. தரையிலிருந்து எந்த உயரத்தில் அளந்தது என்ற ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. நூற்று முப்பது சென்டிமீட்டர் என்பது விதி. அதை உறுதிப்படுத்தத்தான் அவரை வரச் சொன்னாள்.

“மார் உயரம்னு சொன்னாங்க. என் மாருக்கு, சட்டை ரெண்டாவது பொத்தானுக்கு நேரா வச்சு அளந்தேன்,” என்கிறார். இன்றும் அதே காக்கிச் சட்டை. “எல்லாத்தையும் அழிச்சிடுவீங்களாம்மா?”

“இல்லங்கய்யா. எல்லா மரத்தையும் நீங்க ஒருத்தர்தான அளந்தீங்க. உங்க மார் உயரத்த எழுதிட்டா போதும்.”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். “காட்டுல செருப்பு போட மாட்டேன்.” டேப்பின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு அவள் மேலே இழுக்கிறாள். பொத்தானுக்கு நேரே நூற்றுப் பதினெட்டு.

“அப்பல்லாம் எனக்குக் கூனு கெடையாது,” என்கிறார் மெதுவாக. உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி நிமிர்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. பொத்தான் ஏறுகிறது, பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. அங்கே நிற்கிறது. ஜோவிதா மேசைக்குப் போய் அந்த எண்ணைக் கட்டத்தில் நிரப்புகிறாள். திரும்பிப் பார்க்கும்போது அவர் இன்னும் மூச்சை விடவில்லை.