வெட்கப்படும் கதவு

“யாரு பெத்த பிள்ளையோ, மண்டை முழுக்க மூளை” என்றாள் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கணினி விளையாட்டுக்குள் அவள் ஒரு பழைய மாளிகையில் மாட்டிக்கொண்டிருந்தாள். திரையில் தெரிவது அவளுடைய இரண்டு கைகள் மட்டும்தான். கையை நீட்டினால் இழுப்பறை திறக்கும், தலையைத் திருப்பினால் அடுத்த சுவர் வரும். ஒவ்வோர் அறையிலும் ஒரு புதிர். அதை அவிழ்த்தால்தான் அடுத்த அறைக்குப் போக முடியும்.

அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் குழுத்தலைவி. சோதனை அறையின் சட்டம் எளிது. விளையாடுகிறவர் மனதில் பட்டதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர்கள் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொள்ள வேண்டும். இயல்பிலேயே லொடலொடவென்று பேசுகிற குழுத்தலைவிக்கு இது பெரிய தண்டனை.

விளையாட்டு வெளியாகும் நாள் நெருங்கிவிட்டது. ஆனால் கடைசி அறையிலிருந்து இதுவரை ஓர் ஆள்கூட வெளியே வரவில்லை. விளையாட்டைத் தயாரித்த அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிரைக் கட்டியவர், குழுவில் எல்லோரும் விளையாடி முடிக்கும்வரை விடையைச் சொல்ல மாட்டார். விடை தெரிந்தவன் விளையாடினால் அது விளையாட்டா என்பது அவர்கள் கட்சி. நல்ல வழக்கம்தான். ஆனால் கடைசி அறையைக் கட்டியவர் திடீரென்று வேலைக்கு வராமல் போனபோது விடையும் கூடவே போய்விட்டது. போய்க் கேட்கலாம் என்றால், கேட்டுப் பயனில்லாத நிலைமை. நிரலைப் பிரித்து மேய்ந்தவர்களுக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

“இன்னைக்கும் யாரும் வெளிய வரலேன்னா அந்த அறையே வேணாம், தூக்கிருங்க” என்று முதலாளி காலையில் சொல்லிவிட்டார். அந்த ஓர் அறைக்காகத்தான் மற்ற அறைகளே கட்டப்பட்டன.

இந்தப் பெண்ணின் கணவர்தான், இவளை விளையாடவிட்டுப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். புதிர் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாமாம். இப்போது அவர் சுவரோரமாகத் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போன பிள்ளைக்காகக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

வந்தவுடன் எல்லோருக்கும் கூச்சத்தோடு வணக்கம் சொன்னவள், விளையாட ஆரம்பித்ததும் ஆளே மாறிப்போனாள். தலைகீழாக மாட்டிய படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஓசை வராத பியானோவைத் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே அதன் மூடியைத் திறந்து உள்ளிருந்த சாவியை எடுத்துவிட்டு, “இந்தாளு நம்மள முட்டாளாக்கவே மாட்டேங்கிறான் பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா கெட்டிக்காரங்களா ஆக்குறான்” என்றாள். புகழ்ந்து ஒரு சொல் வந்துவிடுமோ என்று குழுத்தலைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி அறை வந்தது.

ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. வேறு எதுவும் இல்லை. இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் கதவின்மீது பாய்ந்தார்கள். இழுத்தார்கள், தள்ளினார்கள், நாற்காலியைத் தூக்கி அடித்தார்கள். இவளும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தபடி நின்றாள்.

குழுத்தலைவிக்கு மனம் விட்டுப்போனது. அவ்வளவுதான், இவளுக்கும் முடியவில்லை என்று நினைத்தாள். கணவர் பாட்டிலை இறுக்கிப் பிடித்தார்.

“தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சே” என்றாள் அவள். சட்டென்று திரும்பினாள். கதவு மூடியே இருந்தது. மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். பின்னால் மறுபடி அதே சத்தம்.

அவள் முகம் மலர்ந்தது.

“அட, இது வெட்கப்படுற கதவுங்க. நாம பார்த்தா மூடிக்குது.”

ஜன்னலைப் பார்த்தபடியே அவள் பின்னோக்கி நடந்தாள். நாற்காலி அவளைக் கடந்து முன்னால் போனது, அப்புறம் கதவின் நிலை, அப்புறம் தோட்டம். கதவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் அவள் வெளியே வந்து நின்றாள்.

சட்டமாவது மண்ணாவது என்று குழுத்தலைவி கையைத் தட்டினாள். இப்படி ஒரு மூளையோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கு அப்படியொரு பெருமை. முதலாளி இனி வாயைத் திறக்க முடியாது. கணவரோ, விளையாட்டில் ஒரு கதவு திறந்ததற்காகக் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார்.

“எப்படித்தான் யோசிச்சானோ” என்றாள் அந்தப் பெண், இன்னும் வியப்பு அடங்காமல். “இதைச் செஞ்ச ஆளை நான் ஒரு தடவை பார்க்கணும். கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை சொல்லணும். காட்டுவீங்களா?”

குழுத்தலைவி அந்தப் பெண்ணின் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையசைத்தார். குழுத்தலைவி எழுந்து வந்து திரையை அணைத்தாள்.

“பாருங்கக்கா” என்றாள்.

கறுத்துப்போன திரையில், விபத்தில் அடிபட்டு இந்த அலுவலகத்தையும் இங்கே தான் கட்டிய அத்தனை அறைகளையும் மறந்துபோயிருந்த அவளுடைய முகமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.