இன்னும் விக்கல

“வித்துட்டாரா?” என்று கேட்டாள் மனைவி.

“இன்னும் விக்கல,” என்றார் ஸ்டோர் கீப்பர், சட்டையைக் கழற்றியபடி.

பேச்சு எதிர் சீட்டு பர்சேஸ் கிளார்க்கைப் பற்றியது. பம்பு கம்பெனி பங்கு ஏறப்போகிறது, நாளைக்கு வாங்கப்போகிறேன் என்று கேன்டீனில் சொன்னவர் அவர்தான். “நமக்கெதுக்கு சார் அதெல்லாம்?” என்று சிரித்து வைத்த ஸ்டோர் கீப்பர், மறுநாள் சந்தை திறந்ததும், மனைவி ஸ்கூட்டருக்குச் சேர்த்த பணத்தில் முந்திக்கொண்டு வாங்கிவிட்டார். எதிர் சீட்டிடம் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து சரிந்த விலை பாதிக்கு வந்துவிட்டது.

“மிச்சமாவது கைக்கு வரட்டும், வித்துத் தொலைங்களேன். ஹெல்மெட் வாங்கி வெச்சு ஆறு மாசமாச்சு.”

“நான் வித்த மறுநாள் ஏறிட்டா, அந்த ஆள் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவர் விக்கட்டும், அடுத்த நிமிஷம் நானும் வித்துடறேன்.”

விலை கால்வாசிக்கு வந்தபோது ஸ்டோர் கீப்பருக்குச் சோறு இறங்கவில்லை. எதிர் சீட்டோ விசிலடித்துக்கொண்டு வேலை பார்த்தது.

“இன்னுமா சார் விக்கல?” என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர்.

“தினமும் இதையே கேட்டுக் கிண்டல் பண்றீங்களே. விக்கறதுக்கு நான் வாங்கியிருக்கணுமே.”

“வாங்கலையா?”

“விவரமான மனுஷன், நீங்களே வேண்டாம்னுட்டீங்க. நான் மட்டும் போய் மாட்டிக்கறதான்னு விட்டுட்டேன். உங்க புண்ணியத்துல தப்பிச்சேன் சார். இன்னைக்கு டீ என் செலவு.”

அன்று மாலை கதவைத் திறந்ததுமே மனைவி கேட்டாள்: “வித்துட்டாரா?”

ஸ்டோர் கீப்பர் ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்தார்.

“அவர் விக்கவே மாட்டாரு,” என்றார்.